தந்தை பெயர் எழுதாத பதிவேடு

சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆண் அநாதையர் இல்லத்தைக் கல்வி வரலாறு நன்கறியும். அதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அவ்வழக்கத்தைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பித்தார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலால் அது 'சென்னை முறை' எனப் பல நாடுகளுக்கும் பரவிற்று. ஆனால் அங்கே மணலில் எழுதிய சிறுவர் யாவர் என்று கேட்போர் குறைவு. அவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலேயப் படைவீரர்களுக்கும் இம்மண்ணின் பெண்களுக்கும் பிறந்தவர்கள். பலருடைய பெற்றோரின் பெயர் எந்தத் திருமணப் பதிவேட்டிலும் இல்லை. அந்த ஒரு குறையை ஆங்கிலச் சட்டம் எவ்வாறு பிள்ளைகளின் தலையில் சுமத்தியது என்பதையே இங்குச் சிந்திக்கிறோம்.

திருமணத்திற்குப் புறம்பே பிறந்த பிள்ளையை 'எவருக்கும் பிள்ளையல்லாதவன்' என்றது பழைய ஆங்கிலச் சட்டம். பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் பிள்ளையின் குறை நீங்கும் என்பது, 12-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் வகுத்த திருச்சபைச் சட்டம். 1236-இல் மெர்ட்டன் என்னுமிடத்தில் கூடிய அவையில் ஆயர்கள் இதனை நாட்டுச் சட்டமாக்க வேண்டினர். நிலப்பிரபுக்களோ தங்கள் நாட்டு வழக்கத்தை மாற்ற இயலாதென மறுத்துவிட்டனர். அவ்வேண்டுகோளை இங்கிலாந்து ஏற்க ஏறத்தாழ 690 ஆண்டுகள் சென்றன. 1926-இல்தான், அதுவும் பிள்ளை பிறந்தபோது பெற்றோர் வேறொருவரை மணந்திராதிருந்தால் மட்டுமே, அச்சலுகை கிட்டியது.

சென்னையில் பிறந்த பிள்ளைக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பிரிட்டிஷ் அரசின் மண்ணில் பிறந்தோர் அனைவரும் அதன் குடிகளே என்பதால், அங்கே பெற்றோரின் திருமணத்தை எவரும் கேட்கவில்லை. ஆனால் மைசூர், ஐதராபாத், திருவிதாங்கூர், புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்கள் சட்டத்தின் பார்வையில் அந்த அரசின் மண் அல்ல. அங்கே பிறந்த பிள்ளை தந்தை வழியாகவே உரிமை பெற வேண்டும். தந்தை தாயை மணந்திராவிடில் அவ்வழியும் இல்லை.

1949 சனவரி முதல் நாள் பிரிட்டனின் புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னையில் பிறந்தோரையும் இக்கேள்வி எட்டிப் பிடித்தது. தந்தை பிரிட்டனில் பிறந்தவராயின், இந்தியாவில் பிறந்த பிள்ளையும் அந்நாட்டுக் குடிமகனாயிற்று. 'தந்தை' என்று சட்டம் சொன்னது தாயை மணந்த தந்தையையே. ஒரே தகப்பனுக்குப் பிறந்த இருவருள், மணந்த மனைவியின் மகனுக்கு அவ்வுரிமை கிட்டியது. மணவாத பெண்ணின் மகனுக்குக் கிட்டவில்லை. அக்காலச் சட்டப்படி தாயும் தன் குடியுரிமையைப் பிள்ளைக்கு வழங்க இயலாது. தாய்க்கு அவ்வுரிமை 1983 சனவரி முதல் நாளே வந்தது. மணமாகாத தந்தைக்கோ 2006 சூலை முதல் நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் பிறந்தோர் பதிவு செய்து உரிமை பெறும் வழி 2015 ஏப்ரல் 6-ஆம் நாள்தான் திறந்தது.

இதன் கொடுமையை ஒரு வழக்கு காட்டுகிறது. 1985-இல் ஜமைக்காவில், பிரிட்டிஷ் தந்தைக்கும் அந்நாட்டுத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிறு பிள்ளையாகவே பிரிட்டனுக்குச் சென்று அங்கேயே வளர்ந்தார். பின்னாளில் கொடிய குற்றம் செய்து சிறை சென்றார். அவரை நாடு கடத்த அரசு முனைந்தது. பெற்றோர் மணந்திருந்தால் அவர் குடிமகன். குடிமகனை நாடு கடத்த முடியாது. தன் செயலால் வராத ஒரு நிலைக்காக ஒருவரை வேறுபடுத்துவது முறையன்று என்று 2016-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டையும் நாம் விட்டுவிட இயலாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியிலும் இந்தியக் குடியுரிமை என்பது 1992-இல்தான் சட்டமாயிற்று. மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், தந்தையின் பெயரை வெளியிடாமலே தம் மகனுக்குக் காப்பாளராகலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது 2015 சூலை 6-ஆம் நாள். இத்தகைய தாய் உறுதிமொழி தந்தாலே பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் அது பணித்தது.

மெர்ட்டனில் பிள்ளைகளுக்காகப் பேசிய நம் திருச்சபையும் குறையற்றதாய் இருக்கவில்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், இத்தகைய பிறப்புடையோர் விதிவிலக்கு பெறாமல் குருப்பட்டம் பெறுவதைத் தடுத்தது. பெற்றோரின் நிலைக்காக மகனின் அழைத்தலை ஐயுற்ற அத்தடை 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இல்லை. அதே தொகுப்பின் 877-ஆம் விதி, மணமாகாத தாயின் பிள்ளைக்குத் திருமுழுக்கு அளிக்கையில் பதிவேட்டில் எழுத வேண்டியதை வரையறுக்கிறது. தாய் தானாக விரும்பி எழுத்திலோ இரு சாட்சிகள் முன்னோ கேட்டால் அவர் பெயரை எழுத வேண்டும். தந்தை என்பதற்குப் பொது ஆவணம் இருந்தாலோ, பங்குத்தந்தையின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் அவரே அறிவித்தாலோ தந்தையின் பெயரையும் எழுத வேண்டும்.

சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து இங்கே அதை ஊன்றிய காலத்தில்தான், 1923-இல், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிறந்தது. வேலையில் இறந்தவரின் மனைவியையும் முறைப்படி பிறந்த பிள்ளைகளையும் அது நேரடியாகச் சார்ந்தோர் என ஏற்றது. மணத்திற்குப் புறம்பான பிள்ளையோ, இறந்தவரின் வருவாயை நம்பியே வாழ்ந்ததை மெய்ப்பித்தாக வேண்டும் என்றது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்து 30-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அத்தகைய நாளில், தன் தகப்பன் இன்னார் என்று சான்று தேடி அலைவது ஒரு சிறு பிள்ளைக்கு எளிதா?

ஆகவே, திருமணமின்றிச் சேர்ந்து வாழும் குடும்பங்களைப் பங்கில் ஒதுக்கி வைக்காது, அவர்கள் மணவாழ்வைச் சீர்செய்ய முதலில் உதவுவோம். அது இயலாவிடத்து, பிள்ளையின் திருமுழுக்கு நாளிலாவது தந்தையை அழைத்து வருவோம். அவர் வாய்திறந்து சொல்ல வேண்டும்; இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். ஆலையிலோ வழக்கு மன்றத்திலோ ஒருநாள் அப்பிள்ளை காட்டக்கூடிய சான்றுகளுள் அந்த ஒரு வரியும் இருக்கும். அதைக் கேட்கத் தயங்கும் தாயை, அருகிலிருப்போர் கைபிடித்து ஆலய அலுவலகம்வரை அழைத்து வந்தால் போதும்.