அரக்கு முத்திரையிலிருந்து வாட்ஸ்அப் பூட்டு வரை

வாட்ஸ்அப்பில் புதிதாக ஒருவருடன் பேசத் தொடங்கும்போது, உங்கள் செய்திகளை வேறு யாரும் படிக்க முடியாது என்று மேலே சின்னதாக ஓர் அறிவிப்பு வரும். நம் தெருவில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. பாரீசில் இருக்கும் பேரப்பிள்ளையோடு தினம் பேசும் நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்போம்? அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருநூறு முந்நூறு ஆண்டுச் சண்டை இருக்கிறது. அதில் நம் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு.

பிரான்சில் மன்னராட்சிக் காலத்தில் தபால் நிலையத்துக்குள்ளேயே ஓர் இரகசிய அறை வைத்திருந்தார்கள். 'கபினே நுவார்', அதாவது கறுப்பு அறை என்று அதற்குப் பெயர். கடிதத்தின் அரக்கு முத்திரையை அச்செடுத்துக்கொண்டு, உடைத்துப் படித்து, நகல் எழுதிக்கொண்டு, மறுபடி அதே மாதிரி முத்திரை வைத்து அனுப்பிவிடுவார்கள். பெறுபவருக்குச் சந்தேகமே வராது. 1789-ல் புரட்சிக்கு முன் ஊர் ஊராக எழுதி அனுப்பிய குறைமனுக்களில் இந்த அறையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1810-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 187-ஆவது பிரிவு, தபாலில் ஒப்படைத்த கடிதத்தைத் திறக்கும் அரசு ஊழியருக்கு அபராதம் விதித்தது. கவனியுங்கள், திருடனுக்காக எழுதிய பிரிவு அல்ல அது. நம்மைப் போன்ற குமாஸ்தாவுக்காக எழுதியது.

பிரெஞ்சுச் சட்டம் நடந்த ஊர் என்பதால்தான் 1908-ல் பாரதியார் இங்கே வந்தார். 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் புதுச்சேரிக்கு எல்லை எவ்வளவு தூரம்? நம் முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே நடந்தால் கோட்டக்குப்பம். அது இங்கிலீஷ்காரன் பூமி. பாரதியார் உட்கார்ந்து குயிலைக் கேட்டதாக நாம் காட்டும் தோப்பிலிருந்து அந்த எல்லைக்குக் கூப்பிடு தூரம்தான்.

இங்கிலீஷ் இந்தியாவுக்குப் போகிற தபாலைக் கையாள அவர்களுடைய தபால் நிலையமே புதுச்சேரிக்குள் இருந்தது. பிரெஞ்சுச் சட்டம் ஆளைக் காப்பாற்றியது. அவர் எழுதியதைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லை தாண்டிய பத்திரிகைப் பிரதிகளைத் தடுத்தார்கள். 1910-ல் 'இந்தியா' நின்றே போனது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் ஆஷ் துரை கொல்லப்பட்ட பிறகு ஊர் முழுக்க ஒற்றர்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத்துரோகக் காகிதங்களை ஜாடியில் வைத்துப் போட்டுவிட்டு, அதை வைத்து வழக்கு ஜோடிக்கப் பார்த்தார்கள். ஜாடியைக் கண்டவுடன் இவர்களே பிரெஞ்சுப் போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டதால் சூழ்ச்சி பலிக்கவில்லை. அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த மாஜிஸ்திரேட் முசே நாந்தோ, அங்கே லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பினார் என்பது ஊரறிந்த கதை. அடுத்தவன் காகிதத்தில் கை வைக்கிற அதிகாரம், காகிதத்தைப் படிப்பதோடு நிற்காது என்பதற்கு அந்த ஜாடி ஒரு சாட்சி.

இங்கிலீஷ்காரர்கள் எழுதிய 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம், 26-ஆவது பிரிவில், பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்று சொல்லி அரசு கடிதங்களைத் தடுத்து வைக்க இடம் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது அப்படியே இருந்தது. 1986-ல் அந்த அதிகாரத்தை இன்னும் விரிக்கும் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஜனாதிபதி ஜெயில் சிங் மேசைக்குப் போனது. அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 1987-ல் பதவி முடியும் வரை கோப்பு அவரிடமே கிடந்தது. கோப்பைக் கிடப்பில் போடுவதற்கு எங்கள் இனத்தைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். கிடப்பில் போட்டே ஒரு நல்ல காரியம் நடந்தது இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 1898 சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்திலும் கடிதத்தைத் தடுத்துத் திறக்கும் அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது.

இனி பூட்டுக்கு வருவோம். கம்ப்யூட்டரில் மென்பொருள் எழுதும் நம் தெருப் பையன் ஒருவன், "தாத்தா, எப்படிச் செய்தது என்று ஊருக்கே காட்டுகிற பூட்டுதான் நம்பத் தகுந்தது" என்று சொல்வான். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் இதை 1883-லேயே பாரீசில் ஆசிரியராக இருந்த ஒகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் ஒரு ராணுவ இதழில் பிரெஞ்சு மொழியில் எழுதிவிட்டார். மறைமொழி முறை எதிரி கையில் சிக்கினாலும் கெடுதல் வரக்கூடாது, சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்பது அவர் விதி. பூட்டின் அமைப்பை எல்லாரும் பார்க்கலாம் என்றால், ஓட்டை இருந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மூடி வைத்தால், செய்தவன் பேச்சை நம்புவதைத் தவிர வழியில்லை. மூல நிரலைத் திறந்து வைக்கும் மென்பொருள்காரர்களின் வாதமும் இதுதான்.

1991-ல் அமெரிக்காவில் ஃபில் சிம்மர்மன் என்பவர், சாதாரண மக்களும் மின்னஞ்சலைப் பூட்ட 'பிஜிபி' என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார். அந்த நாட்டில் அப்போது வலுவான மறையாக்கம் ஆயுதக் கணக்கில் சேரும். ஏற்றுமதிக் குற்றம் என்று 1993-ல் விசாரணை தொடங்கி, 1996-ல் கைவிட்டார்கள். இடையில் 1995-ல் அந்த நிரல் முழுவதும் புத்தகமாகவே அச்சாகி வந்தது. புத்தகத்தை ஆயுதம் என்று யாரும் தடுக்க முடியாதே! புரட்சி நடத்திய பிரான்சிலும் 1999 வரை குடிமக்கள் வலுவான மறையாக்கத்தை விருப்பம்போல் பயன்படுத்த அனுமதி இல்லை. 2004-ல்தான் சட்டம் அதை முழுச் சுதந்திரமாக்கியது.

'சிக்னல்' என்ற செயலியின் நிரல் எல்லாருக்கும் திறந்தது. அதன் மறையாக்க முறையைத்தான் 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப்பும் முழுமையாக எடுத்துக்கொண்டது. ஆனால் வாட்ஸ்அப் செயலியின் நிரல் திறந்ததல்ல. பூட்டின் வரைபடம் ஊரறிந்தது, கதவைச் செய்த தச்சன் பட்டறைக்குள் விடமாட்டான் என்கிற மாதிரி.

நம் பக்கத்தில் இது நீதிமன்றம் வரை போனது. சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. 2019-ல் சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி முடியும் என்று வழி சொன்னார். மும்பை ஐஐடியின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரி விதிகள் அதையே கட்டாயமாக்க, வாட்ஸ்அப் டில்லி உயர் நீதிமன்றம் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே போய்விடுவோம் என்று 2024-ல் அவர்கள் வக்கீல் சொன்னார். வதந்தி பரப்பி ஆளை அடித்துக் கொன்ற சம்பவங்கள் நம் நாட்டில் நடந்ததால், அரசு கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு குற்றவாளிக்காகச் செய்த கள்ளச்சாவி எல்லார் வீட்டுக்கும் பொருந்தும். நமது சோகோ நிறுவனத்தின் 'அரட்டை' 2025-ல் பிரபலமானபோது பலர் கேட்ட முதல் கேள்வியும் இதுதான்: அழைப்புக்குப் பூட்டு இருக்கிறது, எழுத்துச் செய்திக்கு ஏன் இல்லை? அதன் பிறகுதான் அதையும் சேர்க்கத் தொடங்கினார்கள்.

அலுவலகத்தில் இரகசியக் கடிதம் அனுப்ப இரண்டு உறை போடுவோம். உள் உறையில் 'இரகசியம்' என்று எழுதி அரக்கு வைப்போம். வெளி உறையில் விலாசம் மட்டும். தபால் கட்டு தூக்குபவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் யார் யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை முறை என்பது அனுப்புகைப் பதிவேட்டில் வரிசையாக இருக்கும். கைபேசியிலும் அதே கதைதான். உள் உறை பத்திரம். வெளி உறை நிறுவனத்தின் கையில். 2016-ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவோடு சிக்னலிடம் கணக்கு கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இந்த இரண்டைத்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. பதிவேடே எழுதாதவனிடம் கேட்டு என்ன பயன்?

நண்பர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். வாட்ஸ்அப்பில் உரையாடல்களின் காப்புப் பிரதிக்குத் தனியாக ஒரு பூட்டு உண்டு. அது தானாகப் போடாது, நாம்தான் போட வேண்டும். அமைப்புகளில் 'உரையாடல்கள்' பகுதியில் காப்புப் பிரதி என்ற இடத்தில் இருக்கும். பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதன் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, பென்ஷன் புத்தகத்தோடு பீரோவில் வையுங்கள். மறந்தால் திறந்து தர ஆள் கிடையாது.