கல்லைத் தேய்ப்பது தண்ணீர் இல்லை: டீச்சரின் ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

ஏழாம் வகுப்பில் ஆறுகள் பாடம் வரும்போதெல்லாம் ஒரு கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணீர் ஓடி ஓடித் தேய்த்ததால்தான் இந்தக் கல் இப்படி வழவழவென்று ஆனது" என்று வருஷாவருஷம் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு பையன் மட்டும் ஒரு தேர்வில், "கல்லும் கல்லும் இடித்துக்கொள்வதால்" என்று எழுதினான். பாடத்தில் இல்லாததை எழுதுகிறானே என்று சிவப்பு மையில் அடித்தேன். அவன்தான் சரி. நான் சொன்னது பாதி தப்பு. இது எனக்குத் தெரிய ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகவேண்டியிருந்தது.

1991-ல் அம்பத்தூரில் வீடு கட்டியபோது பாலாற்று மணல் லாரியில் வந்தது. மணல் சலித்தால் சல்லடையில் கூழாங்கல் மிஞ்சும் அல்லவா? கொத்தனார் கொட்டப் போனதை நான் வாங்கி ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்தேன். முப்பது வருஷம் மாடிப்படிக்குக் கீழேயே கிடந்தது. போன வருஷம் பேரன் அதைக் கொட்டி விளையாடி, "பாட்டி, இதை மினுக்க முடியுமா?" என்று கேட்டான். மகன் ஒரு சின்ன வைப்ரேட்டர் டம்ளர் வாங்கி அனுப்பினான். இட்லிக் குண்டான் அளவில் ஒரு கிண்ணம், அடியில் மோட்டார், அவ்வளவுதான்.

ஆறு செய்வதைத்தானே இதுவும் செய்கிறது என்று நினைத்து, கல்லைப் போட்டு, பொடியைப் போட்டு, கழுத்து வரை தண்ணீர் ஊற்றினேன். மூன்று நாள் இரவு பகலாக ஓடியது. எடுத்துப் பார்த்தால் போட்ட கல் போட்டபடியே இருக்கிறது. பொடி முழுவதும் அடியில் சேறாக உட்கார்ந்திருந்தது.

எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். லேத்தில் கடைந்த இரும்புச் சாமான்களின் ஓரத்தில் இருக்கும் பிசிறை எடுக்க அவர்களிடமும் இதே மாதிரி மெஷின்தான், ஆனால் அண்டா அளவு. "டீச்சர், தண்ணி தேய்க்காது. பொடிதான் தேய்க்கும். நீங்க பொடியைக் குளிப்பாட்டி விட்டுட்டீங்க" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு கல் மினுக்கும் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நம் ஊர் இதில் எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உங்களில் பலரைப் பூண்டிக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே அருங்காட்சியகத்தில் கோடரி மாதிரி கற்கள் பார்த்தோம். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் கொசஸ்தலை ஆற்றங்கரையில் அதிரம்பாக்கத்திலும் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த மனிதர்கள் கல்லை உடைத்தார்களே தவிர மினுக்கவில்லை. தேய்த்து வழவழப்பாக்கிய கோடரிகள் வந்தது வெகு காலம் கழித்து, புதிய கற்காலத்தில். எழும்பூர் மியூசியத்தில் ஃபுட் சேகரித்தவை இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று கபிலரும் அரிசில்கிழாரும் நகைக்குப் பேர் போன ஊராகச் சொல்வது இந்த ஊர்தான் என்கிறார்கள். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் எல்லாம் மணிகளாகக் கிடைத்தன. எனக்குப் பிடித்தது முடிந்த மணிகள் இல்லை, முடியாத மணிகள். உடைத்தது, பாதி தேய்த்தது, துளை போடும்போது விரிந்தது. பரீட்சை பேப்பரில் அடித்துத் திருத்திய இடங்களைப் பார்ப்பது போல, அவற்றை வைத்துத்தான் வேலை எப்படி நடந்தது என்று தெரிகிறது.

எந்தக் கல்லையும் தேய்க்க அதைவிடக் கடினமான பொடி வேண்டும். 1812-ல் மோஸ் என்ற ஜெர்மானியர் போட்ட கடினத்தன்மைப் பட்டியலில் வைரம் 10, பளிங்கு 7. நடுவில் 9-ல் இருப்பதற்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினால், இந்தச் சொல் தமிழ் 'குருந்தம்' என்பதிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது! மாணிக்கமும் நீலமும்கூடக் குருந்தத்தின் வகைகள்தான். சாதாரணக் குருந்தம் சேலம், நாமக்கல் பக்கம் கிடைத்தது. அதைப் பொடித்து அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்ததுதான் பழைய சாணைக்கல். தெருவில் கத்தி சாணை பிடிக்க வருகிறவரின் சக்கரத்துக்கு அதுதான் பாட்டன்.

இதில் ஒரு வேடிக்கை. 1891-ல் அமெரிக்காவில் அச்செசன் என்பவர் உலையில் புதுக் கடினப்பொருள் ஒன்றைச் செய்தார். அதில் கார்பனும் கொரண்டமும் கலந்திருப்பதாகத் தப்பாக நினைத்து, இரண்டு பெயரையும் ஒட்டிக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. 1954-ல் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து நம் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையில் குருந்தம் கடல் தாண்டிப் போய் உருமாறித் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. பேருந்தில் அந்தப் பக்கம் எத்தனை முறை போயிருப்பேன்!

என் மெஷினுக்கு உண்மையான முன்னோர் யார் என்று பார்த்தால் குஜராத்துக்குப் போகவேண்டும். காம்பே என்கிற கம்பாத்தில் அகேட் மணி செய்வது பரம்பரைத் தொழில். ஆர்க்கெல் என்ற தொல்லியலாளர் 1936-ல் அதைப் பற்றி எழுதினார். மணிகளைத் தோல் பையில் போட்டு, தேய்ப்புப் பொடியும் கொஞ்சம் ஈரமும் சேர்த்துக் கட்டி, எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நாள் அந்தப் பையை இங்கும் அங்கும் உருட்டுவார்களாம். கவனியுங்கள், ஈரம் மட்டும்தான், வெள்ளம் இல்லை.

அந்தத் தொழிலின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அகேட்டைச் சக்கரத்தில் உலர்வாகத் தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிவிடும். கம்பாத்தில் சிலிகோசிஸ் வந்து செத்தவர்கள் நிறைய. அந்தத் தூசியை உள்ளே போனபின் வெளியே எடுக்க மருந்து கிடையாது. எஸ்டேட்டில் கிரைண்டிங், மணல் பிளாஸ்டிங் வேலையில் இருக்கும் என் பிள்ளைகள் இதை இரண்டு தடவை படியுங்கள். முகத்தில் கர்ச்சீப் கட்டினால் போதாது.

சரி, என் இரண்டாவது முயற்சி. பட்டறை மாணவர் சொன்னபடியே செய்தேன். கிண்ணத்தில் முக்கால் பாகத்துக்கு மேல் கல் இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் கற்கள் துள்ளி ஒன்றையொன்று கொத்திவிடும். பெரிசும் சிறிசும் கலந்து, கல் போதாவிட்டால் பீங்கான் உருளைகள் சேர்க்கவேண்டும். விரிசல் விட்ட கல் ஒன்று இருந்தாலும் உடைந்து மற்றதெல்லாம் கீறும். தண்ணீரை ஊற்றக் கூடாது, துணி இஸ்திரி போடுவதற்குத் தெளிப்பது போலத் தெளிக்கவேண்டும். பொடி கல்மேல் மெல்லிய சேறாக ஒட்டியிருந்தால் சரி. மே மாத வெயிலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காய்ந்துவிட்டது, இரவில் அலாரம் வைத்து எழுந்தேன்.

முதலில் 220 நம்பர் சிலிக்கன் கார்பைடு, பிறகு 500, பிறகு 1000. கடைசியில் மிக நைசான அலுமினியம் ஆக்சைடு, அதாவது நம் குருந்தத்தையே தொழிற்சாலையில் செய்தது. ஒவ்வொன்றும் எனக்கு இரண்டு நாள் ஆனது. நம்பர் மாற்றும்போது கல், கிண்ணம், மூடி எல்லாவற்றையும் பல் தேய்க்கும் பிரஷ் வைத்துக் கழுவினேன். முந்தைய பொடியில் ஒரு துகள் தங்கினாலும் பாலிஷ் கெட்டுவிடும். கழுவிய சேற்றைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் சிமெண்டாக இறுகிவிடும். நான் வாளியில் தெளியவைத்து வண்டலைத் தனியே போட்டேன்.

இன்னொன்று. இந்த மெஷின் கல்லின் உருவத்தை அதிகம் மாற்றாது. உடைந்த ஜல்லியைப் போட்டு உருண்டை வரும் என்று காத்திருக்காதீர்கள். உருண்டு விழும் டிரம் மெஷின்தான் அதைச் செய்யும், ஆறு மாதிரி. அதிர்வது தோல் பை மாதிரி, உரசும், அவ்வளவுதான். என் கற்களுக்கு முதல் வேலையைப் பாலாறு ஏற்கெனவே முடித்திருந்தது.

ஒன்பதாம் நாள் சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓட்டி எடுத்துத் துடைத்தேன். காய்ந்த பிறகும் ஈரமாக இருப்பது போல மின்னியது. பேரன் ஜன்னல் கம்பி அதில் தெரிகிறது என்றான். எனக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மொத்தம் நாற்பத்தொரு கல் தேறியது. வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள், ஆளுக்கு ஒன்று. (அதிரம்பாக்கம் போய்க் கல் பொறுக்கி வந்து என்னிடம் நீட்டாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம்.) தேன் நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடும் பெரிய கல் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அது "கல்லும் கல்லும்" என்று எழுதியவனுக்கு. ஜன்னலோர வரிசை, கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பெயர் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. யாருக்காவது தெரிந்தால் இந்தப் பதிவில் அவனை டேக் செய்யுங்கள். அந்த ஒரு மார்க்கையும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன்.