மடை மாறும் திரை

நிறுவனம் கொடுத்த மடிக்கணினியையும் வீட்டுக்குச் சொந்தமான கணினியையும் ஒரே திரையோடும் ஒரே விசைப்பலகையோடும் ஒரே சுட்டியோடும் இணைத்து, வேண்டும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு, கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் பெரும்பாலும் 2020க்குப் பிறகே வீட்டு மேசைக்கு வந்தது. அதன் கருத்தோ இப்பகுதிக்குப் புதிதன்று. 1895இல் முடிந்த பெரியாறு அணையின் நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலத்தின் நடுவே அமைந்த சின்னமனூரில், ஒரு வாய்க்கால் நீரை இந்த வயலுக்கு அடைத்து அந்த வயலுக்குத் திறக்கும் 'மடை மாற்றுதல்' அன்றாடச் சொல்லாகும். இரு கணினிகளுக்கு நடுவே வைக்கப்படும் சிறு பெட்டியும் மின்குறிகளை அவ்வாறே திருப்பிவிடுகிறது. ஆனால் வயலுக்கு இல்லாத ஒரு குணம் கணினிக்கு உண்டு: தன் பக்கத்து மடை அடைபட்டதை அது எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. இப்பெட்டியின் வரலாறு பெரும்பாலும் அந்தக் குணத்தைச் சமாளித்த வரலாறே.

ஒரே மேசையில் இரண்டு கணினிகள் சேர்வதற்கு முன்பு பகிர்வு வேறு திசையில் நடந்தது; ஒருவருக்கு இரண்டு எந்திரங்கள் என்பது எண்ணவும் முடியாத செய்தியாக இருந்தமையால், ஓர் எந்திரத்தைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தினர். தமிழகத்துச் சிறுநகரங்களின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் அணி என மாணவர்கள் மாறி மாறி அமர்ந்து, நிமிடத்துக்கு 30 சொல் வேண்டும் லோயர் தேர்வுக்கும் 45 சொல் வேண்டும் ஹையர் தேர்வுக்கும் அதே தட்டச்சுப்பொறியில் கைபழகினர். சென்னை ஐஐடியில் 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 கணினியும் பலருடைய வேலைகளை வரிசையில் ஏற்றுக்கொண்ட பொது எந்திரமே. பின்னர் பிரௌசிங் சென்டர்கள் மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விட்டன. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதுவரை கணினியே இல்லாதிருந்த பல வீடுகளில் முதல் கணினி நுழைந்தது. அவ்வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போய் நிறுவனத்தின் மடிக்கணினியோடு திரும்பும்போது அது இரண்டாவதாயிற்று.

மாற்றுப்பெட்டியின் முன்னோடி மிக எளியது. 1980களின் அலுவலகங்களில் ஒரே அச்சுப்பொறியை இரு கணினிகள் பயன்படுத்துவதற்கென்று, முகப்பில் திருகும் குமிழும் 'ஏ', 'பி' என்னும் எழுத்துகளும் கொண்ட தகரப்பெட்டி ஒன்று இருந்தது; குமிழைத் திருகினால் உள்ளே கம்பிகள் இடம் மாறும், வேறு நுட்பம் ஏதுமில்லை. அதே முறையை விசைப்பலகைக்கும் திரைக்கும் நீட்டியபோதுதான் சிக்கல் எழுந்தது. 1987இல் ஐபிஎம் வெளியிட்ட பிஎஸ்/2 கணினிகள், விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் சிறிய வட்டச் சொருகிகளையும், திரைக்கு 15 ஊசிகள் கொண்ட விஜிஏ சொருகியையும் பரவலாக்கின. அக்காலக் கணினிகள் பல, மின்சாரம் வந்தவுடன் விசைப்பலகையைத் தேடும். கிடைக்காவிட்டால் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். எனவே நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே இருக்கையிலிருந்து கவனிக்க வேண்டிய சர்வர் அறைகளுக்காகச் செய்யப்பட்ட மாற்றுப்பெட்டிகளில், யாரும் பார்க்காத கணினியிடமும் விசைப்பலகை இருப்பதாகவே பதில்சொல்லும் சிறு சுற்று சேர்க்கப்பட்டது. கீபோர்டு, வீடியோ, மவுஸ் என்பவற்றின் முதலெழுத்துகளைக் கொண்டு இப்பெட்டி 'கேவிஎம்' எனப் பெயர் பெற்றது.

1996இல் வந்த யுஎஸ்பி, கணினி ஓடும்போதே சொருகவும் பிடுங்கவும் இடம்கொடுத்ததால் விசைப்பலகையின் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் பரோடாவில் பயின்ற அஜய் பட் முக்கியமானவர். திரையின் சிக்கலோ அப்போதுதான் வளரத் தொடங்கியது. திரை தன் அளவையும் தன்னால் காட்டக்கூடிய புள்ளிகளின் எண்ணிக்கையையும் கேபிள் வழியே கணினிக்குச் சொல்லும் குறிப்பு 'இடிஐடி' எனப்படும். மலிவான பெட்டியில் மடை மாறியதும் அக்குறிப்பு அறுந்துபோகிறது. கணினி திரை கழன்றுவிட்டதாகக் கருதி, திறந்திருந்த சாளரங்களையெல்லாம் மடிக்கணினியின் சிறு திரைக்குள் அள்ளிப்போடுகிறது. திரும்பி வந்தவர் அவற்றை மறுபடி பரப்பிவைக்க வேண்டியிருக்கிறது. இடிஐடி குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, திரை இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும் பெட்டிகள் இதற்கு மருந்தாயின. ஆக, நல்ல மாற்றுப்பெட்டியின் வேலை இணைப்பதைவிட, பார்க்கப்படாத எந்திரத்தை ஏமாற்றுவதாகவே இருந்து வந்திருக்கிறது. கடையில் ஒன்று எண்ணூறு ரூபாய்க்கும் மற்றொன்று பல ஆயிரத்துக்கும் விற்பது ஏன் என்று வியப்பவர் தேடவேண்டிய விளக்கமும் பெரும்பாலும் இதுவே.

பெட்டியே வேண்டாம் என்ற வழியும் உண்டு. 2001இல் தோன்றிய சினெர்ஜி, 2011இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ், 2022இல் ஆப்பிள் தந்த யுனிவர்சல் கன்ட்ரோல் ஆகிய மென்பொருள்கள், ஒரு கணினியின் சுட்டியை வலைப்பின்னல் வழியே பக்கத்துக் கணினியின் திரைக்குள் நடத்திச் செல்கின்றன. கணினிகள் இரண்டும் ஒருவருக்கே சொந்தமாயின் இதைவிடச் சுகமான வழி இல்லை. அலுவலக மடிக்கணினியிலோ, நிறுவனம் ஒப்பாத மென்பொருளை நிறுவப் பயனருக்குப் பொதுவாக உரிமை தரப்படுவதில்லை. அதன் வலைத்தொடர்பும் விபிஎன் என்னும் மூடிய பாதைக்குள் செல்வதால் அடுத்த மேசைக் கணினியைக்கூட அது காண மறுப்பதுண்டு. எதையும் நிறுவச் சொல்லாத பழைய பெட்டி வீடுகளில் மறுவாழ்வு பெற்றதற்கு நுட்பத்தைவிட இந்த உடைமை எல்லையே காரணம் எனலாம். அமெரிக்க அரசு அலுவலகங்களில் மறைவான வலைப்பின்னலும் பொது வலைப்பின்னலும் ஒரே மேசையில் சந்திப்பதால், ஒன்றின் தகவல் மற்றொன்றில் கசியாதிருக்கப் பெட்டிகளுக்கென்றே பாதுகாப்பு வரையறைகள் எழுதப்பட்டன; வீட்டுக்கு அத்தனை கடுமை தேவையில்லை, கேள்வி மட்டும் அதுவே.

அந்த உடைமை எல்லை சின்னமனூர் வரை வந்ததற்கு நுட்பம் மட்டும் காரணமன்று. அழைப்பு மையங்களையும் அவை போன்ற சேவைகளையும் 'பிற சேவை வழங்குநர்' என வகைப்படுத்திய தொலைத்தொடர்புத் துறை, வீட்டிலிருந்து பணிபுரிவதற்குப் பிணைத்தொகை, தனித்த பாதுகாப்பு இணைப்பு முதலிய நிபந்தனைகளை விதித்திருந்தது. பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச்சில் அவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன; 25ஆம் தேதி நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியது; நவம்பர் 5இல் வெளியான புதிய வழிகாட்டுதல்கள் வீட்டிலிருந்து பணிபுரிவதை நிலையான முறையாகவே ஏற்றன. சென்னையிலும் பெங்களூரிலும் வேலைபார்த்த பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பலர் மடிக்கணினியோடு ஊர் திரும்பியபோது, அதுவரை அலுவலகம் தந்த பெரிய திரையை வீடே வாங்க வேண்டியதாயிற்று. வீட்டுப் பணத்தில் வாங்கியதை வேலை நேரத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்க எந்த வீடும் விரும்பாது.

2014இல் வரையறுக்கப்பட்ட டைப்-சி சொருகி, படத்தையும் தரவையும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் கொண்டுசெல்வதால், மாற்றுப்பெட்டியைத் தன்னுள்ளேயே அடக்கிய மானிட்டர்கள் இன்று கடைக்கு வந்துவிட்டன. வேலை மாறும்போது நிறுவனத்தின் மடிக்கணினி உறையிலிடப்பட்டுக் கூரியரில் போய்விடுகிறது; திரையும் விசைப்பலகையும் மேசையிலேயே இருக்க, அந்த ஒற்றைக் கேபிளின் முனை அடுத்த நிறுவனத்தின் எந்திரம் வரும்வரை திரையின் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது.