தேள்கடிக்கும் நீரடைப்புக்கும் ஒரே மாத்திரை

1988இல் திருக்கழுக்குன்றத்தில் மருந்துக்கடை திறந்தேன். பிரசோசின் மாத்திரை கேட்டு அப்போது இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். கல்குவாரியிலோ செங்கல் சூளையிலோ யாரையாவது செந்தேள் கொட்டியிருக்கும்; ஆஸ்பத்திரிச் சீட்டோடு வேர்க்க விறுவிறுக்க ஓடிவருவார்கள். மற்றவர்கள் வயதானவர்கள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, மடித்த சீட்டை மடித்தபடியே நீட்டுவார்கள். "ராத்திரியில அஞ்சாறு தரம் எழுந்துக்கறேன் தம்பி, சொட்டுச் சொட்டாத்தான் வருது" என்பதைக் காதோடு சொல்வார்கள்.

பிரசோசின் ரத்தக்கொதிப்புக்கு வந்த மருந்து. ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்பா ஏற்பிகளை அடைத்து இறுக்கத்தைத் தளர்த்தும். செந்தேள் விஷம் செய்வது நேர் எதிரான வேலை: குழாய்களை இறுக்கி, இதயத்தைத் திணறடித்து, நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும். 1980களில் மகாராஷ்டிரத்து மகாடில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பல உயிர்களை மீட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். அந்தத் தேளின் அறிவியல் பெயரில்கூட 'டாமுலஸ்' என்று தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே ஆல்பா ஏற்பிகள் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் ப்ராஸ்டேட் சுரப்பியின் தசையிலும் உண்டு. 1976இல் ஜெருசலேமில் மார்க்கோ கெய்ன் குழுவினர் அவற்றை அடைக்கும் பினாக்சிபென்சமைன் மருந்தைக் கொடுத்து அடைப்பு இளகுவதைக் காட்டினார்கள். தலைசுற்றலும் மூக்கடைப்பும் அதிகம் என்பதால் அது நிலைக்கவில்லை; பிரசோசின் அந்த இடத்துக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் கத்தி, இல்லையென்றால் டியூப். மூத்திரப்பையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் வலை பின்னும் முதியவர் ஒருவர் முதல் மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மணலிலேயே சுருண்டு விழுந்தார். தேள் கொட்டியவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தால் எழவிடாமல் படுக்க வைத்திருப்பார்கள். நீரடைப்புக்கு வாங்கிப்போனவரிடம் 'படுக்கும்போது போடுங்கள்' என்று நான் சொல்லவில்லை. அவர் பிழைத்தார். ஆனாலும் அன்று முதல் சொல்லாமல் ஓர் அட்டைகூடக் கொடுத்ததில்லை.

பிறகு டெராசோசினும் டாக்சசோசினும் வந்தன. ராத்திரி ஒரு வேளை போதும். ஆனால் 1 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். டாம்சுலோசின் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ப்ராஸ்டேட்டில் மிகுந்திருக்கும் ஏற்பி வகையை அதிகமாகக் குறிவைப்பதால் முதல் நாளே 0.4 மில்லிகிராம் கொடுக்கலாம். 2008இல் அங்கே அனுமதியான சைலோடோசின் ரத்த அழுத்தத்தை இன்னும் குறைவாகத் தொடும். ஆனால் பலருக்கு உறவின்போது விந்து வெளிவராது. ஆபத்தில்லைதான், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மனிதர் கலங்கிப்போவார். அல்ஃபுசோசினில் அந்தத் தொல்லை குறைவு.

நீர் பிரிவதில் இவை தரும் சுகம் ஏறக்குறைய ஒன்றுதான். எதுவும் வீங்கிய சுரப்பியைச் சுருக்காது. எந்த மாத்திரை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது பக்கவிளைவு. தள்ளாடும் கால்களும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் உள்ளவருக்குப் டெராசோசின், டாக்சசோசினைவிட டாம்சுலோசினே மேல் என்பது என் அனுபவம்.

டாம்சுலோசினிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2005இல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் டேவிட் சாங்கும் ஜான் கேம்ப்பெல்லும் அதைக் கண்டு எழுதினார்கள். இதைச் சாப்பிடுபவருக்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து அலைகிறது, கண்மணி சுருங்கிவிடுகிறது. மாத்திரையை நிறுத்தினாலும் அந்தத் தளர்ச்சி முழுதும் விலகுவதில்லை. மருத்துவருக்கு முன்பே தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாட்டோடு கத்தியை எடுப்பார்.

ஆகவே கண் முகாமுக்குக் கிளம்பும் அப்பாவின் சட்டைப்பையில் அந்த மாத்திரை அட்டையையும் வைத்து அனுப்புங்கள். கூச்சத்தில் அவர் வாய் திறக்கமாட்டார், நீங்கள் சொல்லுங்கள்.