கப்பல் வாங்கிய ஏழைகள்

ஆப்பிரிக்கர் அமெரிக்கா சென்ற வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது விலங்கிடப்பட்ட அடிமைகளை ஏற்றிய கப்பல்தான். மறுக்க முடியாத உண்மை அது. ஆயினும் தாமே விலை கொடுத்து வாங்கிய கப்பல்களில், தாமே தலைவராகவும் மாலுமிகளாகவும் நின்று, தம் விருப்பத்தோடு அமெரிக்கக் கரையேறிய ஓர் ஆப்பிரிக்க மக்களினமும் உண்டு. கேப் வெர்டே தீவினராகிய அவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாயன்றிப் பெருந்தொகையாக அமெரிக்காவில் குடியேறிய முதல் மக்கள் என்று இவர்களையே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ‘விருப்பத்தோடு’ என்ற சொல்லைச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறோம். பசி துரத்தும்போது விருப்பம் ஏது?

செனகல் நாட்டுக்கு மேற்கே, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் கடலில் கிடக்கும் பத்துத் தீவுகளே கேப் வெர்டே. பதினைந்தாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபோது அங்கே மனிதர் இல்லை. 1462இல் சாந்தியாகு தீவில் அவர்கள் அமைத்த ரிபெய்ரா கிராந்தி நகரம் விரைவிலேயே அடிமைச் சந்தையாயிற்று. 1533இல் அங்கே மறைமாவட்டம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே, 1534இல், கோவா மறைமாவட்டமும் உருவாயிற்று. நம் முத்துக்குளித்துறை மக்கள் திருமுழுக்குப் பெற்றதும் அதற்கடுத்த சில ஆண்டுகளில்தான். ஒரே அரசனின் ஞானாதிக்கத்தின்கீழ் வளர்ந்த இரு கரைகள் என்பதால், இம்மக்களை நாம் முற்றிலும் அந்நியராகக் கருதுவதற்கில்லை.

கினியாக் கடற்கரையிலிருந்து பிடித்து வரப்பட்டோருக்கு ரிபெய்ரா கிராந்தியில் மறையறிவு சிறிது புகட்டி, திருமுழுக்கு அளித்து, பின்னர் விற்பனைக்கு அனுப்பினர் என்பதை எழுதும்போது பேனா கூசுகிறது. அதே நகரில்தான் 1652இல் பிரேசிலுக்குச் செல்லும் வழியில் தங்கிய இயேசு சபை அருட்தந்தை அந்தோனியோ வியெய்ரா, அங்கிருந்த கறுப்பினக் குருக்களின் கல்வியையும் ஒழுக்கத்தையும் இசைத்திறனையும் கண்டு வியந்து கடிதம் எழுதினார். ஒரே மண்ணில் இரண்டும் நிகழ்ந்தன.

வியாபாரம் ஓய்ந்த பின் தீவுகளுக்கு எஞ்சியது வறட்சி. மழை ஆண்டுக்கணக்கில் பொய்க்கும் நிலம் அது. 1831 முதல் 1833 வரை நீடித்த பஞ்சத்தில் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர் மடிந்தனர் என்பர். அப்போது அமெரிக்க நகரங்களிலிருந்து உணவுப்பொருள் ஏற்றிய கப்பல்கள் அங்குச் சென்றன. அமெரிக்கர் அத்தீவுகளை அறிந்திருந்ததற்குக் காரணம் திமிங்கில வேட்டை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டிலிருந்து புறப்பட்ட வேட்டைக் கப்பல்கள் பிராவா, ஃபோகோ தீவுகளில் நின்று தண்ணீரும் உப்பும் ஆட்களும் ஏற்றிக்கொண்டன. தீவு இளைஞர் கடலுக்கு அஞ்சாதவர். குறைந்த பங்குக்கு உழைக்க இசைந்தவர். விளக்கெரிக்கத் திமிங்கில எண்ணெய்க்குப் பதில் மண்ணெண்ணெய் வந்து, அத்தொழிலை விட்டு அமெரிக்கர் விலக விலக, அக்கப்பல்களில் தீவினரே மிகுந்தனர்.

பிறகு நிகழ்ந்ததே நம்மை வியக்க வைக்கிறது. எவரும் விரும்பாத பழைய பாய்மரக் கப்பல்களை, சேமித்த காசைத் திரட்டி இவர்கள் வாங்கத் தொடங்கினர். 1892இல் அந்தோனியோ கோயெல்யோ என்பவர் வாங்கிய ‘நெல்லி மே’ அவ்வகையில் முதலாவது. நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்தில் இவர்கள் பாய் விரித்து அட்லாண்டிக்கைக் கடந்தனர். ஆட்களை ஏற்றி வந்த அக்கப்பல்கள், இலையுதிர் காலத்தில் கிரான்பெரி அறுவடை முடிந்ததும் துணி, மாவு, மரப்பலகை, கடிதம், ‘மந்தேன்யா’ எனப்படும் நலவிசாரிப்புகள் அனைத்தையும் சுமந்து தீவுகளுக்குத் திரும்பின. கிரான்பெரி என்பது சதுப்பு நிலத்தில் விளையும் சிவந்த புளிப்புப் பழம். மண்டியிட்டுப் பறிக்க வேண்டிய அதன் கூலிவேலைக்கு அப்பகுதியில் இவர்களே பெரிதும் அமர்ந்தனர். மற்றையோர் துறைமுகத்தில் சரக்கு இறக்கினர். சிலர் பஞ்சாலைகளில் உழைத்தனர்.

இனி, நமக்கு வருத்தம் தரும் பகுதி. நியூ பெட்ஃபோர்டில் ஏற்கெனவே அசோர்ஸ், மதேரா தீவுகளிலிருந்து வந்த வெள்ளைப் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கர் நிறைந்திருந்தனர். ஒரே அரசு, ஒரே விசுவாசம், ஒரே புனிதர்கள். ஆயினும் தோல் நிறம் குறுக்கே நின்றது. அவர்களுடைய ஆலயங்களில் இவர்கள் சமமாக ஏற்கப்படவில்லை. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு பந்தியமர்ந்து உண்பதை விட்டு விலகியபோது பவுல் முகத்துக்கு நேரே கடிந்துகொண்டார். நியூ பெட்ஃபோர்டில் அப்படி எழுந்து நின்று கேட்டவர் மிகச் சிலரே போலும். 1905இல் விண்ணேற்பு அன்னையின் பெயரால் இம்மக்களுக்கென்று தனிப்பங்கு அமைந்தது. அமெரிக்காவில் கேப் வெர்டே மக்களின் முதல் கத்தோலிக்கப் பங்கு அதுவே. தொழுநோயாளருக்குத் தம்மை ஈந்த புனித தமியான் சார்ந்திருந்த திரு இருதயங்களின் சபைக் குருக்கள் அங்கே பணியாற்றினர். எல்லாரும் பொறுமையாக இருந்துவிடவில்லை. பிராவாவில் பிறந்த மார்செலினோ த கிராசா என்பவர் தனிச் சபை கண்டு, ‘டாடி கிரேஸ்’ என்ற பெயரில் அமெரிக்கா எங்கும் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தார். அவரைக் குறைகூறுமுன் நம் ஆலயங்களின் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தனிப்பங்கு தள்ளிவைக்கப்பட்டதன் விளைவே எனினும், அதைத் தங்கள் வீடாக்கிக்கொண்டனர். புனித யோவான் திருநாளில் ‘மாஸ்த்ரோ’ நடும் வழக்கம் கடல் கடந்து வந்தது. கப்பலின் பாய்மரத்தைப் போன்ற நெடிய மரம் ஒன்றைப் பச்சிலை, பழம், ரொட்டி ஆகியவற்றால் அலங்கரித்து, மேளம் முழங்க நிமிர்த்துவர். நம் ஊர்த் திருவிழாக் கொடியேற்றம் கண்டவர்களுக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. சோளமும் அவரையும் இறைச்சியும் சேர்த்து மெல்லக் கொதிக்கவைக்கும் கச்சூப்பா அன்று எல்லாருக்கும் உண்டு. விழாக் கூட்டிய அதே மக்கள் நோயுற்றவருக்கும் அடக்கச் செலவுக்கும் உதவும் பரஸ்பரச் சங்கங்களை நடத்தினர். வாரந்தோறும் செலுத்திய சிறு சந்தாவே அவற்றின் மூலதனம்.

ஆயினும் எல்லாவற்றிலும் பெரியது பீப்பாய். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலையில் பெரிய பீப்பாய் ஒன்று நிற்கும். அரிசி, சோப்பு, பழைய காலணி, பிள்ளைகளின் உடை என்று மாதக்கணக்கில் அது நிறையும், நிறைந்ததும் கப்பலேறும். கிரான்பெரி வயலில் மண்டியிட்டவரின் கூலி தீவில் ஒரு குடும்பத்தின் உணவாயிற்று. கடும் வறுமையிலும் தாராளமாய்க் கொடுத்த மாசிதோனியச் சபைகளைப் பவுல் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டியது நம் நினைவுக்கு வருகிறது.

1917இல் எழுத்தறிவுத் தேர்வும், 1920களில் ஒதுக்கீட்டுச் சட்டங்களும் வந்து குடியேற்றத்தின் கதவை ஏறக்குறைய அடைத்தன. அந்தக் கதவு எவ்வளவு கனமானது என்பதை 1940களே காட்டின. உலகப் போரால் கப்பல்கள் நின்றன, பணமும் பீப்பாயும் நின்றன, மழையும் நின்றது. 1941 முதல் 1943 வரையிலும், மீண்டும் 1947, 48இலும் பஞ்சத்தால் பல பதினாயிரம் பேர் மாண்டனர். லிஸ்பனில் இருந்த சலாசார் அரசு பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1943இல் ‘மத்தில்தி’ என்னும் கப்பலில் ஏறத்தாழ ஐம்பது பேர் பிராவாவிலிருந்து நியூ பெட்ஃபோர்டு நோக்கித் தப்பிப் புறப்பட்டனர். அக்கப்பல் கரைசேரவே இல்லை.

போர் முடிந்தபின், 1948இல், கப்பல் தலைவர் என்ரிக்கே மென்டெஸ் ஒரு பழைய கப்பலை வாங்கினார். 1894இல் மாசச்சூசெட்ஸில் கட்டப்பட்டு, மீன்பிடிக்கவும் வடதுருவ ஆய்வுக்கும் பயன்பட்டு, தீப்பிடித்து மூழ்கி, மீட்டெடுக்கப்பட்ட கப்பல் அது. தம் மகளின் பெயரால் அதற்கு ‘எர்னெஸ்டினா’ என்று பெயரிட்டார். அமெரிக்காவிற்குப் பாயின் துணையால் குடியேறிகளைக் கொண்டு சேர்த்த பயணங்கள் 1965இல் அக்கப்பலோடு முடிந்தன.

அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள் ‘நாம் யார்?’ என்று கேட்கத் தொடங்கிய காலம் அது. இரண்டாம் உலகப் போரில் இச்சமூகத்து இளைஞர், தோல் நிறத்தின் சாயலுக்கேற்ப வெள்ளையர் படையென்றும் கறுப்பர் படையென்றும் பிரிக்கப்பட்டிருந்தனர். நகரப் புதுப்பித்தலும் நெடுஞ்சாலையும் துறைமுகத்தை ஒட்டிய அவர்களுடைய தெருக்களை விழுங்கின. 1970 ஜூலையில், வேலையின்மையும் பாரபட்சமும் மூட்டிய கலவரத்தின்போது, வெளியூர் வெள்ளை இளைஞர் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். குற்றஞ்சாட்டப்பட்டவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பத்தாண்டில்தான் கேப் வெர்டே மக்களின் ஜூலை ஊர்வலம் நகரத்தின் முக்கியத் தெருக்களில் வழக்கமாயிற்று. 1975 ஜூலை 5இல் தீவுகள் விடுதலை பெற்றபின் அது இரட்டைக் கொண்டாட்டமாயிற்று. ஒரு காலத்தில் ஆலயத்தின் பின்வரிசைக்கு ஒதுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நடுத்தெருவில் கிரியோலு மொழியில் பாடிச் சென்றதைக் காண அந்த முதியோர் சிலர் உயிரோடிருந்தனர் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

விடுதலை பெற்ற கையோடு, மழையற்ற அந்த ஏழை நாடு ஒரு காரியம் செய்தது. எர்னெஸ்டினாவைப் பழுதுபார்த்து, அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 1982இல் தம் மாலுமிகளோடு அக்கப்பல் கடல் கடந்து வந்து சேர்ந்தது. உலகின் மிகச் செல்வமிக்க நாட்டுக்குத் தீவினர் கொடுத்த கொடை அது.

இன்று இச்சமூகத்தின் பெருந்தொகையினர் அருகிலுள்ள பிராக்டன் நகரில் வாழ்கின்றனர். 2014 நவம்பர் 23இல் ஃபோகோ எரிமலை வெடித்து, அதன் வாய்க்குள்ளேயே இருந்த இரு சிற்றூர்களை நெருப்புக்குழம்பு மூடியபோது, நியூ பெட்ஃபோர்டிலும் பிராக்டனிலும் பாஸ்டனிலும் மீண்டும் உடையும் உணவும் பணமும் திரட்டினர். எரிமலை மக்களோ நெடுநாள் காத்திருக்கவில்லை. பாறை ஆறியதும் திரும்பிப் போய், அதன்மேலேயே சுவரெழுப்பித் திராட்சைக் கொடிகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.