மாவட்ட மனநலத் திட்டம்

மாவட்ட மனநலத் திட்டம் என்பது, மனநோயால் வருந்துவோரின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் கணக்கில் கொண்டு, சிகிச்சையையும் அதற்குரிய பணியாளர்களையும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்க்க இந்திய அரசு வகுத்த ஏற்பாடாகும்.

தோற்றம்

1794இல் சென்னையில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற மனநோய்க் காப்பகம் போன்ற பெரிய நிறுவனங்களையே நெடுங்காலம் மனநல மருத்துவம் நம்பியிருந்தது. இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை இருக்க, இந்தியாவில் 40,000 பேருக்கு ஒன்றே உள்ளது என 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு எடுத்துக்காட்டியது. படுக்கைகளைப் பெருக்குவது மட்டுமே தீர்வாகாது என்பதால், பொது மருத்துவர்களையும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களையும் பயிற்றுவிக்கும் சோதனைகள் 1975 முதல் பெங்களூரை அடுத்த சகலவாராவிலும் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் நடந்தன. அவற்றின் பயனாக 1982இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. சுமார் 20 லட்சம் மக்கள் வாழ்ந்த பெல்லாரியில் 1985 முதல் 1990 வரை மாவட்ட அளவில் அது செயல்படுத்திப் பார்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

1996இல் நாட்டில் நான்கு மாவட்டங்களுடன் தொடங்கிய மாவட்டத் திட்டத்தில் திருச்சிராப்பள்ளியும் ஒன்றாகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட கொடுமை, ஊருக்கருகே சிகிச்சை கிடைக்காத குடும்பங்களின் நிர்க்கதியை நாடறியச் செய்தது.

கரிசல் வட்டாரத்தின் தேவை

2015-16ஆம் ஆண்டுகளின் தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றால் வருந்துவதாகக் கணித்தது. இவ்விகிதப்படி வயதுவந்தோர் ஒரு லட்சம் பேரில் 10,600 பேருக்கும் மாதம் 15 நிமிடம் ஒதுக்கினால் 2,650 மணிநேரம் தேவை. மாதம் 200 மணிநேரம் உழைக்கும் மருத்துவர்கள் 13 பேருக்கு மேல் வேண்டும். இந்தியாவில் இருப்பதோ லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவருக்கும் குறைவு. ஆகவே கரிசல் வட்டாரத்தின் கயத்தாறு போன்ற வட்டங்களில், எளிய நோய்களை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும், தொடர் கவனிப்பைச் செவிலியரும், சிக்கலானவற்றை மட்டும் சிறப்பு மருத்துவரும் ஏற்கும் பணிப் பங்கீடே நடைமுறைக்கு ஒத்தது. மானாவாரிப் பயிரையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பிய கோவில்பட்டி வட்டாரக் குடும்பங்களுக்கு, மருந்து வாங்கத் தொலைவுக்குப் போவது ஒருநாள் கூலியை இழப்பதாகும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருகை தடைபட்டால் மருந்தும் தடைபட்டு நோய் மீளக்கூடும். எனவே மருத்துவ முகாமின் நாளும் இடமும் இவ்வாழ்க்கை ஒழுங்குக்கேற்ப அமைவது அவசியம்.

சட்டநிலை

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசுச் செலவிலான மனநலச் சிகிச்சையை மக்களின் உரிமையாக்கியதுடன், மக்கள்தொகைக்கேற்ற பணியாளர் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுகோலுக்கு இணையாகப் பத்தாண்டுகளுக்குள் எட்ட அரசுகள் முயல வேண்டும் எனவும் விதித்துள்ளது. அக்கெடு 2028 மே மாதத்தில் நிறைவடைகிறது.