நிழற்படத் தாளும் வீட்டு இருட்டறையும்

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் கமராவுக்கும் வில்லைக்கும் அளிக்கும் இடத்தைப் படம் அச்சாகும் தாளுக்கு அளிப்பதில்லை. ஆயினும் அக்கலை சாதாரண மனிதனின் வீட்டினுட் புகுந்தமைக்குத் தாளும் ஒரு தலையாய காரணமாகும்.

1850இல் பிரான்சியரான பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய முட்டை வெண்கருத் தாள் பல பத்தாண்டுகள் வழக்கிலிருந்தது. அதிற் படம் தோன்றச் சூரிய ஒளி வேண்டும். பகலெல்லாம் உழைத்து இரவில் மட்டும் ஓய்வு காண்பவனுக்கு அது எட்டாக் கலையாகவே இருந்தது.

பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இரசாயனவியலாளர் லியோ பேக்லண்ட் 1890களில் ஆக்கிய வெலொக்ஸ் தாள் இந்நிலையை மாற்றியது. அதன் வெள்ளிக்குளோரைட்டுப் பூச்சு ஒளியை மெதுவாகவே ஏற்றது. எனவே வாயு விளக்கின் அருகே அச்சிட்டு, சற்று விலகிய மங்கலொளியில் உருத்துலக்க முடிந்தது. 1899இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் அத்தொழிலை விலைக்கு வாங்கினார்.

பின்னர் தாள்கள் மென்மை, நடுத்தரம், வன்மை எனத் தரம் பிரிக்கப்பட்டன. வெளிறிய நெகற்றிவுக்கு வன்தாளும், ஒளியும் நிழலும் மிக முரணியதற்கு மென்தாளும் பொருந்தின. ஆனால் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பெட்டி வாங்குதல் செலவு மிக்கது. 1940இல் இல்போர்ட் நிறுவனம் வெளியிட்ட மல்ரிகிரேட் தாள் இதற்குத் தீர்வு கண்டது. ஒளியின் நிறத்தை வடிகட்டியால் மாற்றி ஒரே தாளிற் பல தரங்களைப் பெறலாயிற்று.

2005இல் கொடாக் நிறுவனம் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியைக் கைவிட்டது. இல்போர்ட் பெயரிலான தாள் தொடர்ந்து வெளிவந்தது. முன்பு சூரியனிடமும் பின்பு தொழிற்சாலையிடமும் இருந்த தீர்மானம் அச்சிடுபவனின் கைக்கு வந்தமையே இவ்வரலாற்றின் சாரமாகும்.